பட்ஜெட்டுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: பழைய வண்டியைப் பார்த்து வாங்கும் முறை

பெரிய ஊர்களின் கார் பட்டறைகளில் ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும் வேகமான கார்களைப் பார்க்கலாம். டர்போ போய்விட்டது, கியர்பாக்ஸ் மாட்டிக்கொண்டது, உதிரி பாகம் வரவில்லை என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு. வண்டியின் உரிமையாளர் அதை வாங்குவதற்கு மட்டும் பணம் சேர்த்திருப்பார். வைத்துக்கொள்வதற்குச் சேர்த்திருக்க மாட்டார்.

விற்பவர் சொல்லும் தொகையோடு முதல் வருஷச் செலவையும் கூட்டினால் வருவதுதான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதற்கான வழிகளைத்தான் சொல்லப்போகிறது.

எதைத் தேடுகிறோம்

இரண்டு இருக்கை, தாழ்ந்த உடல், பின்சக்கர இயக்கம் என்று இலக்கணப்படி அமைந்த ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. வெளிநாட்டிலிருந்து வந்தவற்றின் வரியே மலைக்க வைக்கும். நம் பட்ஜெட்டுக்குள் வருவது, வேகத்துக்கும் ஸ்டியரிங் சுகத்துக்கும் என்று தயாரிப்பாளரே தனியாகச் செதுக்கிய ஹேட்ச்பேக்கும் செடானும்தான். அதில் குறை ஒன்றுமில்லை. எடை குறைந்த காரில் மிதமான எஞ்சின் இருந்தாலே ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளில் முகம் மலர்ந்துவிடும். 2018-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவலின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. 83 குதிரைத்திறன்தான் என்றாலும் அது துள்ளலாக ஓடுவதற்குக் காரணம் அந்த எடை. எனவே குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கையில் ஏழு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு லட்ச ரூபாய் வண்டியைத் தேடக் கூடாது. ஐந்து லட்ச ரூபாய் வண்டியைத் தேட வேண்டும். மீதி இரண்டு லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம்:

- பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முன்கூட்டியே செய்யும் பரிசோதனை: 50,000
- வாங்கிய முதல் மாதமே செய்யவேண்டிய வேலைகள் (டயர், ஆயில்கள், பிரேக், பேட்டரி): 75,000
- முதல் வருஷத்தில் சொல்லாமல் வரும் பழுதுக்கு: 75,000

இன்சூரன்ஸில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 ஜூன் முதல் அமலான விகிதப்படி 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். 1500 சிசியைத் தாண்டிய கணமே ஒவ்வொரு வருஷமும் இரு மடங்குக்கு மேல் கட்டுகிறோம். ஒரு லிட்டர் அளவில் டர்போ வைத்த சின்ன எஞ்சின்கள் இந்தக் கணக்கில் முந்திக்கொள்கின்றன.

எந்தெந்த வண்டிகள்

*ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ.* 2013-இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 7 வேக இரட்டை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். உடல் கட்டுமானம் உறுதியானது, நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கும். கவனிக்கவேண்டியது அந்தக் கியர்பாக்ஸ். அதன் கிளட்ச்சுகள் ஆயிலில் நனையாத உலர் வகை என்பதால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறித் தேயும். தினமும் அண்ணா சாலையில் ஓடிய வண்டியும் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியும் ஒரே கிலோமீட்டர் காட்டினாலும் ஒன்றல்ல. 2020-இல் வந்த ஒரு லிட்டர் ஜிடி டிஎஸ்ஐயில் டிஎஸ்ஜிக்குப் பதில் 6 வேக டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் உண்டு. நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது கவலை குறைந்த தேர்வு.

*ஹூண்டாய் ஐ20 என் லைன்.* 2021 முதல் வந்தது. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரானது. ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பாகமும் சர்வீஸும் சிறிய ஊர்களிலும் கிடைக்கும். விலை இன்னும் அவ்வளவாக இறங்கவில்லை என்பது ஒன்றுதான் தடை.

*டாடா டியாகோ ஜேடிபி.* கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக உருவாக்கி 2018-இல் விட்ட கார். 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் இழுவிசை, மேனுவல் கியர். விற்ற எண்ணிக்கை குறைவு. பொதுவான பாகங்கள் சாதாரண டியாகோவிலிருந்தே கிடைக்கும். ஜேடிபிக்கே உரிய பம்பர், சஸ்பென்ஷன் போன்றவை கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*ஃபியட் அபார்த் புன்டோ.* 2015-இல் வந்த இந்தக் கார் 145 குதிரைத்திறனைப் பத்து லட்சத்துக்குள் தந்தது. ஸ்டியரிங்கின் கனமும் டர்போவின் இழுப்பும் இன்றைக்கும் பலரைக் கட்டிப்போடும். ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தி வருஷங்களாகிவிட்டன. ஃபியட்டை நன்கு அறிந்த மெக்கானிக் உங்கள் ஊரிலேயே இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

*ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்.* 2017-இல் வந்தது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவிசை கொண்டது. புதிதாக 25 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி, விலை இறங்கி வரும்போது ஆசை காட்டும். விலைதான் இறங்கும்; பாகங்களின் விலை இறங்காது. பிரேக் டிஸ்க், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் அன்றைய 25 லட்ச ரூபாய் காருக்கு உரிய விலையிலேயே வரும்.

*பழைய தலைமுறை.* 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் (106 குதிரைத்திறன்), திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான மிட்சுபிஷி லேன்சர் செடியா 2.0 ஆகியவற்றைப் பந்தயக்காரர்கள் இன்றும் மதிக்கிறார்கள். 15 வருஷம் கடந்த வண்டிக்கு ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது. இவை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளத் தகுந்தவை; தினமும் ஆபீஸ் போக ஒரே கார் வேண்டும் என்பவருக்குப் பொருந்தாது.

பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் வண்டிக்கு முன் மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளுங்கள். அவரிடம் அந்த மாடலின் ஸ்கேனர் இருக்கிறதா, அதே எஞ்சினைப் பிரித்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். மெக்கானிக் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் விலை அதிகம்தான்.

காகிதம் முதலில், கார் பிறகு

வண்டியை நேரில் பார்த்துவிட்டால் மனம் இளகிவிடும். அதனால் ஆர்.சி. புக்கின் படத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், பதிவான தேதி, எஞ்சின் எண், சேஸ் எண், கடன் குறிப்பு ஆகியவற்றை பரிவாகன் தளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிடுங்கள். கட்டாத அபராதச் சலான் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கையில் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கும்வரை வண்டி முழுதாக அவருடையதாகாது.

சர்வீஸ் வரலாற்றை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவை படிப்படியாக ஏறிவரவேண்டும். நடுவில் இறங்கினாலோ இரண்டு வருஷம் ஒரு பில்லும் இல்லாமல் போனாலோ மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 40,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும்போது ஸ்டியரிங் தோல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் உள்வாங்கியிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

டில்லியில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் எதிரான கட்டுப்பாடுகளால் அங்கிருந்து மலிவாகக் கார்கள் தெற்கே வருகின்றன. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-இல் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி., இங்கே புதிய எண் பெறுதல், தமிழ்நாட்டு வரி ஆகிய மூன்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் வண்டியை அங்கே மறுபதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் மட்டுமே பேசுங்கள்.

வண்டியின் முன் நின்று

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த வண்டியையும் அப்போதுதான் கழுவிய வண்டியையும் பார்க்க மறுத்துவிடுங்கள். ஈரம் கீறலையும் பெயின்ட் வேறுபாட்டையும் மறைக்கும். நீங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கக் கிளப்பி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

*விபத்து அடையாளம்.* கதவு, பானட், டிக்கியின் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள். இடைவெளிக் கோடுகள் இரு பக்கமும் ஒரே அளவில் ஓடவேண்டும். பெயின்ட் கனம் காட்டும் கருவி இருந்தால் எல்லாப் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஆலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரே இடத்தில் பல நூறாக எகிறினால் அடியில் பட்டி இருக்கிறது. பம்பரும் கதவும் டிங்கரிங் செய்திருப்பது பெரிய விஷயமில்லை. தூண்கள், முன்புற ஏப்ரன், சேஸின் நீள் கட்டை ஆகியவற்றில் வெல்டிங் தெரிந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

*வெள்ள அடையாளம்.* 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிய வண்டிகள் ஏலம் போய், துடைத்துத் தேய்த்து மறுபடியும் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. இருக்கைத் தண்டவாளத்தில் துரு, கம்பளத்தின் அடியில் வண்டல், ஸ்டெப்னி குழியில் மண், வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்த நெடி ஆகியவையும் அதையே சொல்லும். இன்றைய காரின் மின்னணுப் பெட்டிகளில் புகுந்த நீர் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும். எந்த விலைக்கும் வேண்டாம்.

*டயர்.* பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ புஷ்ஷோ போயிருக்கிறது. நான்கும் நான்கு கம்பெனி டயராக இருந்தால், ஓனர் வண்டிக்குச் செலவு செய்யத் தயங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

*எஞ்சின்.* டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் கொழகொழப்பு இருந்தால் ஆயிலோடு கூலண்ட் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் நிற்காத, இனிப்பு நெடியுள்ள வெண்புகை கூலண்ட் எரிவதைக் காட்டும். கிளம்பியதும் சில நொடி சங்கிலிபோல் கலகலத்தால் டைமிங் பகுதியை மெக்கானிக் கேட்டே ஆகவேண்டும். டர்போ வண்டியைச் சில நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். நீலப்புகை குப்பென்று வந்தால் டர்போவின் சீல் பலவீனமாகியிருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நெரிசலும் மேம்பாலமும் குண்டுகுழியும் இருக்கும் சாலையாக இருக்கட்டும். முதலில் பாட்டை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள்.

மேனுவல் வண்டியில், ஆளில்லாத நேர்ச்சாலையில் நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. வேகமாக ஓட்டப்பட்ட கார்களில் முதலில் போவது அதுதான்.

இரட்டை கிளட்ச் வண்டியில் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனையைத் தொடங்குங்கள். ஊர்ந்து நகரும்போது உதறல், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இடி, ரிவர்ஸில் ஏற்றத்தில் தயக்கம் இவை இருந்தால் கிளட்ச் செட்டுக்கும் மெக்கட்ரானிக் பகுதிக்கும் ஆகும் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துக்கொண்டு பேசவேண்டும்.

வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். கட்கட் என்ற சத்தம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றிலிருந்து வரும். பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கில் குறை. நேர்ச்சாலையில் கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் ஓபிடி ஸ்கேனரைச் செருகச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு ஒன்றுமே இல்லை, ஆனால் வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் எதுவும் முடியவில்லை என்று அது காட்டினால், நீங்கள் வரும் முன் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம்.

கைவைத்த வண்டிகள்

ஸ்போர்ட்ஸ் கார்களில் ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாம் சகஜம். ஆலையில் வந்தபடி இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள், அது தகும். ரீமேப் எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அதைத் தாங்குவது கிளட்சும் கியர்பாக்ஸும். முன்னவர் அனுபவித்த வேகத்துக்கான பில் உங்களிடம் வந்து சேரும்.

சட்டமும் கவனிக்கத்தக்கது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றத்தால் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். கழற்றிய மூல பாகங்களை விற்பவர் வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரமும் பெயர் மாற்றமும்

பேரத்தை உங்கள் மெக்கானிக்கின் பட்டியலை வைத்துப் பேசுங்கள். டயர் இவ்வளவு, பிரேக் இவ்வளவு, புஷ் இவ்வளவு என்று எண்களை முன்வைத்தால் விற்பவரும் கோபப்படாமல் பேசுவார். புரோக்கரோ கன்சல்டிங்காரரோ இருந்தாலும் கடைசி ஓனரிடம் ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். ஏன் விற்கிறார், கடைசியாக என்ன வேலை செய்தார் என்ற இரண்டு கேள்விக்கு அவர் தரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் ரசீதில் வண்டி எண், மொத்த விலை, எந்தச் சூழலில் பணம் திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள். பாக்கியை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு சாவியும் கைக்கு வரவேண்டும்.

படிவம் 29-உம் படிவம் 30-உம் கையெழுத்தாகி, உடனே ஆர்.டி.ஓ.வில் பதிவாக வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கச் சட்டம் சொல்கிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் பெயர் மாற்றம் சீக்கிரம் முடிவது விற்றவருக்கும் பாதுகாப்பு.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே உரியது. வண்டியோடு அது வராது. பிரீமியம் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

முதல் மாதம்

சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், அதை மாற்றிய பில் இல்லாதபோது மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பழைய எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்; எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இறுக்கி வெடிக்கச் செய்யக்கூடும். டர்போ வண்டிக்கு நிறுவனம் குறிப்பிட்ட தர எண்ணுள்ள ஆயிலையே ஊற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் பிறகு டர்போவின் விலையாகத் திரும்பும்.

டயரும் பிரேக்கும் புதிதான பிறகே வண்டியின் வேகத்தைத் தேடுங்கள். அதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இடமல்ல. அங்கே மீனவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சாலையைக் கடக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தொடங்கிய 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடமும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் நமக்கு இருக்கின்றன. சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாள்கள் எப்போது என்று விசாரித்து, ஹெல்மெட்டோடு போய்ப் பயிற்சியாளரின் பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து லட்ச ரூபாய் காரை முழுதாக ஓட்டத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, பாதிகூட ஓட்டத் தெரியாத பெரிய காரில் கிடைக்காது.

ஒதுக்கிவைத்த பழுது நிதியை மட்டும் எந்த அழகுப் பொருளுக்கும் தொடாதீர்கள். வருஷம் முடியும்போது அதில் பாதி மிஞ்சியிருந்தால் வண்டியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்; முழுதும் செலவாகிவிட்டாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், கடன் வாங்கவேண்டி வந்திருக்காது.